ஊக்கம் குடுக்கறதுன்னா என்ன? கை தட்டறதும் குட் மார்னிங் வசனமும் மட்டுந்தானா?

சபைல யாராவது எழுந்து "ஒருத்தர ஒருத்தர் உற்சாகப்படுத்துங்க"ன்னு சொன்னா நம்ம ஆளுங்க வழக்கமா ரெண்டு வேல செய்வாங்க, ஒண்ணு பலமா கை தட்டுவாங்க, இன்னொண்ணு மறுநாள் விடிகாலைல ரோஜாப்பூ போட்ட வசனப் படத்த வாட்ஸ்அப்ல இருக்கற அத்தன பேருக்கும் தட்டி விட்டுட்டு மறுபடி படுத்துடுவாங்க. பாவம்னு சொல்லல. ஆனா பைபிள் ஊக்கம்னு எதச் சொல்லுதோ அது இதவிட ரொம்ப பெரிய விஷயம், கொஞ்சம் செலவு வைக்கிற விஷயமும் கூட. புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்களுக்கும், சின்ன புள்ளைலேர்ந்து கோயிலுக்குப் போயும் இத ஒக்காந்து யோசிக்காதவங்களுக்கும் அடிப்படைலேர்ந்து எழுதறேன்.

மொதல்ல எளிமையா சொல்லிடறேன். சோர்ந்து ஒக்காந்துட்ட ஒருத்தன் எழுந்து அடுத்த வேலையப் பாக்கற அளவுக்கு தெம்பு வர்ற மாதிரி, உண்மையான வார்த்தைய, அவன்கூட நின்னு சொல்றது. அவ்ளோதான். "உண்மையான"ங்கறதும் "கூட நின்னு"ங்கறதும் ரெண்டும் வேணும், ஒண்ண எடுத்துட்டா மிச்சம் இருக்கறது முகஸ்துதி இல்லாட்டி அட்வைஸ்.

இத தெரிஞ்சுக்க பர்னபாவ பாத்தாலே போதும், பைபிள்ல இவரு ஹீரோ கிடையாது, ஆனா ஹீரோக்கள உருவாக்குன ஆளு. இயற்பேரு யோசே, சீப்புரு தீவுக்காரரு, லேவியன், அதாவது ஆலய வேலைக்குன்னு இருந்த கோத்திரத்துக்காரரு. பர்னபாங்கறது அப்போஸ்தலருங்க, அதாவது இயேசுவோட முக்கிய சீஷருங்க வச்ச பட்டப்பேரு, நம்ம ஊர்ல ஒருத்தன் எப்படி இருக்கானோ அத வச்சு பேரு வைப்பாங்கள்ல, அந்த மாதிரி இவரு ஆறுதல் சொல்ற ஆளுன்னு வச்சது. அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்துல 4ம் அதிகாரம் கடைசில வருவாரு. வந்து மொதல்ல என்ன பேசுனாருன்னு பாத்தா ஒண்ணுமே பேசல. தன் நிலத்த வித்து பணத்தக் கொண்டாந்து அப்போஸ்தலர் பாதத்துல வச்சாரு, கதை அங்கதான் ஆரம்பிக்குது.

நிலத்த விக்கறதுன்னா என்னன்னு டெல்டாக்காரனுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். பொண்ணு கல்யாணத்துக்கு விப்பான், ஆஸ்பத்திரி செலவுக்கு அழுதுகிட்டே விப்பான், மத்தபடி ஒரு மா நிலமா இருந்தாலும் அப்பாயி காலத்து நிலம்னு சொல்லி புடிச்சு வச்சிருப்பான். அப்படிப்பட்ட ஒண்ண வித்து அடுத்தவங்க பசிக்கு குடுத்த மனுஷன் நாளைக்கு உங்க தோள்ல கைய போட்டு "கவலப்படாத, பாத்துக்கலாம்"னு சொன்னா அதுக்கு ஒரு கனம் இருக்கும். அதே வார்த்தைய, அவசரத்துக்கு போன் பண்ணா எடுக்காத சொந்தக்காரரு சொன்னா காதுல வுழுந்துட்டு அப்படியே வெளில போயிடும். வார்த்தை ஒண்ணுதான், பின்னாடி நிக்கற ஆளு வேற.

அடுத்து 9ம் அதிகாரம். சவுல், அதாவது பின்னாடி பவுல் ஆனவரு, மனந்திரும்பி எருசலேமுக்கு வர்றாரு, அங்க இருந்த சீஷருங்க ஒருத்தரும் அவர நம்பல, பயந்தாங்க. பயப்பட மாட்டாங்களா, நேத்து வரைக்கும் வீடு வீடா பூந்து ஆம்பள பொம்பள பாக்காம இழுத்துட்டு போயி காவல்ல போட்ட ஆளு. அந்த நேரத்துல பர்னபாதான் அவரக் கூட்டிட்டு போயி அப்போஸ்தலருங்க முன்னாடி நிறுத்தி, இவருக்கு வழில என்ன நடந்துச்சு, தமஸ்குல எப்படி தைரியமா பேசுனாருன்னு எடுத்துச் சொல்றாரு. இங்க கவனிங்க, சவுல்கிட்ட போயி "நீ நல்லவன்பா"ன்னு தனியா தட்டிக் குடுக்கல, நாலு பேரு முன்னாடி அவனுக்காக வாயத் தொறந்தாரு. எங்க பக்கம் இதுக்கு "ஜாமீன் நிக்கறது"ம்போம். ஊக்கம் குடுக்கறதுல பாதி வேல அந்த ஆளு இல்லாத எடத்துலயும் நாலு பேரு முன்னாடியும் நடக்கறதுன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா மூஞ்சிக்கு நேரா நல்லா பேசிட்டு டீக்கடைல போயி வேற பேசற ஊக்கத்த நம்ம நெறைய பாத்துட்டோம்.

அப்பறம் அந்தியோகியா சபை வளர்ந்தப்ப பர்னபாவ அங்க அனுப்புனாங்க, போயி தேவனோட கிருபையப் பாத்து சந்தோஷப்பட்டாரு, எல்லாருக்கும் புத்தி சொன்னாரு, வேல பெருசாவுதுன்னு தெரிஞ்சதும் தர்சு பட்டணம் வரைக்கும் போயி சவுலத் தேடி கண்டுபுடிச்சு கூட்டியாந்தாரு. தானே பெரிய ஆளா ஒக்காந்துருக்கலாம். தன்னவிட திறமைசாலிய தேடிட்டு போயி கூட்டியாந்து பக்கத்துல ஒக்கார வச்சாரு, கொஞ்ச நாள்ல "பர்னபாவும் சவுலும்"னு இருந்தது "பவுலும் பர்னபாவும்"னு மாறிடுது, அவரு அதப் பத்தி மொனகுன மாதிரி எங்கயும் எழுதல.

மாற்கு கதை இன்னும் அருமை. மொத பயணத்துல பாதி வழில வுட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிட்ட பையன் அவன். அடுத்த பயணத்துக்கு அவனக் கூட்டிட்டு போவணும்னு பர்னபா சொல்ல, பவுல் முடியாதுன்னு சொல்ல, ரெண்டு பேருக்கும் கடுமையான சண்டை, பிரிஞ்சே போயிட்டாங்க, அப்போஸ்தலர் 15ல இருக்கு, மறைக்காம எழுதியிருக்காங்க. பர்னபா மாற்குவ கூட்டிட்டு கப்பல் ஏறிட்டாரு. பல வருஷம் கழிச்சு இதே பவுல், கடைசிக் காலத்துல, ஜெயில்லேர்ந்து தீமோத்தேயுவுக்கு எழுதறாரு, மாற்குவ ஒன்னோட கூட்டிட்டு வா, ஊழியத்துல அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்னு. நடுவுல இருந்த வருஷங்கள்ல பர்னபா அந்தப் பையன்கிட்ட என்ன பேசுனாருன்னு ஒரு வரி கூட பைபிள்ல இல்ல. ஒரு தடவ தவறுனவன் மேல நம்பிக்கைய வுடாததுதான் அங்க நடந்த ஊக்கம். பிளஸ் டூல ஃபெயிலான பையன் இருக்கற வீட்டுல இந்த மாற்கு கதைய படிச்சுக் காட்டுங்க, பையனுக்கு இல்ல, அப்பாவுக்கு.

சரி, இப்ப வார்த்தையோட பவர் பத்தி. நீதிமொழிகள் 18:21, "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்". இத வச்சுகிட்டு சில மேடைல என்ன சொல்றாங்கன்னா, வாய்ல நல்லதா அறிக்கை பண்ணா நடந்துடும், காரு வேணுமா காருன்னு சொல்லு, வியாதி இருக்குன்னு சொல்லாத சொன்னா வந்துடும். எனக்கு இதுல உடன்பாடு கெடையாது. அந்த அதிகாரத்தையே மொதல்லேர்ந்து படிச்சுப் பாருங்க, கோள் சொல்றவன் வார்த்தை, வெசாரிக்காம பதில் சொல்றவன், வழக்குல மொதல்ல பேசறவன் சொல்றதே சரின்னு படறது, கோவிச்சுகிட்ட சகோதரன், இப்படி மனுஷனுக்கு மனுஷன் பேசிக்கறதப் பத்திதான் வருது. நம்ம பேச்சு அடுத்தவன வாழ வைக்கும் இல்லாட்டி சாகடிக்கும்ங்கறதுதான் சேதி. மந்திரம் மாதிரி சொல்லி பொருள வரவழைக்கறதுக்கு அந்த வசனத்துல ஒண்ணும் இல்ல. கேன்சர்னு டாக்டர் சொன்ன அக்காகிட்ட போயி "வியாதின்னு வாயால சொல்லாதீங்க, விசுவாசம் கொறஞ்சுடும்"னு சொல்றது ஊக்கம் இல்ல, அந்த அக்கா பயத்த சொல்லி அழறதுக்கு இருந்த ஒரே வாசலயும் சாத்தறது.

அப்ப வார்த்தைக்கு பவர் எங்கேர்ந்து வருது? கிறிஸ்தவ பதில் என்னன்னா, ஊத்து நம்ம கிட்ட இல்ல. பவுல் ரெண்டாம் கொரிந்தியர் ஆரம்பத்துலயே சொல்றாரு, தேவன் எங்களுக்கு உபத்திரவத்துல ஆறுதல் குடுத்தாரு, அதே ஆறுதல வச்சு நாங்க மத்தவங்களுக்கு ஆறுதல் செய்யறோம்னு. வாங்குனத கை மாத்தி வுடறதுதான் நம்ம வேல. இயேசுவே பேதுருகிட்ட எப்ப பேசறாருன்னு பாருங்க, லூக்கா 22ல, அவன் தன்ன தெரியாதுன்னு மறுதலிக்கப் போறான்னு தெரிஞ்சு, மறுதலிக்கறதுக்கு முன்னாடியே, ஒன் விசுவாசம் ஒழிஞ்சு போவாதபடிக்கு நான் வேண்டிக்கிட்டேன், நீ குணப்பட்டப்பறம் ஒன் சகோதரர ஸ்திரப்படுத்துன்னு. அதாவது வுழப்போற, ஆனா எழுந்துருப்ப, எழுந்ததும் ஒனக்கு வேல இருக்கு. நம்ம எல்லாம் ஒருத்தன் வுழுந்தப்பறம் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிப்போம்.

சொல்றவன் நாணயத்துலேர்ந்தும் வார்த்தைக்கு பவர் வருது, அதுக்கு நம்ம மண்ணுலயே ஒரு சம்பவம் இருக்கு. சுவார்ட்ஸ் ஐயர்னு கேள்விப்பட்டுருப்பீங்க, ஜெர்மன் மிஷனரி, 1750ல தரங்கம்பாடில வந்து எறங்குனாரு, பின்னாடி திருச்சி, அப்பறம் சாவற வரைக்கும் தஞ்சாவூர். 1780கள்ல ஹைதர் அலி படை தஞ்சாவூர் சீமைக்குள்ள பூந்தப்ப கோட்டைக்குள்ள சாப்பாடு இல்ல, வெளில நெல்லு இருக்கு ஆனா ஏத்தியாற மாடு இல்ல, ஏன்னா முன்னாடி மாட்டையும் நெல்லையும் வாங்கிட்டு காசு குடுக்காம ஏமாத்திட்டாங்கன்னு குடியானவங்க யாரும் வர மாட்டேங்கறாங்க. ராஜா சொல்றாரு, நம்ம பேச்ச எவனும் நம்ப மாட்டான், சுவார்ட்ஸ் பேச்ச நம்புறாங்களா பாப்போம்னு. சுவார்ட்ஸ், "காசுக்கு நான் பொறுப்பு, என் கையால தரேன்"னு எழுதி அனுப்புனாரு. ஆயிரத்துக்கும் மேல மாடு வந்துச்சு, 80,000 கலம் நெல்லு கோட்டைக்குள்ள வந்துச்சு, அவரு சொன்ன மாதிரியே எல்லாருக்கும் காசும் போய் சேந்துச்சு. 80,000 கலம்னா எவ்ளோன்னு நம்ம ஊர்ல பெரியவங்கள கேளுங்க, அவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

அவரு 1798ல தஞ்சாவூர்லயே எறந்தாரு. அவரு பொறுப்புல வளர்ந்த புள்ளைதான் ரெண்டாம் சரபோஜி, அதே வருஷம் அரியணை ஏறுனாரு. ஐயருக்கு சிவகங்கைத் தோட்டத்துல இருக்கற சர்ச்சுல ஒரு பளிங்கு நினைவுச் சிற்பம் செய்ய வச்சு, கல்லறைக்கு பாட்டும் எழுதுனாரு. அநாதைகளுக்கு தகப்பன், விதவைகளுக்கு துணை, எந்தத் துக்கத்துலயும் ஆறுதல்னு ஒரு ராஜா எழுதியிருக்காரு, அந்த ராஜா கடைசி வரைக்கும் கிறிஸ்தவர் ஆகல. தஞ்சாவூர் போனா பெரிய கோயிலுக்குப் பக்கத்துலதான், ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

இனி எப்படி சொல்றதுங்கற விஷயம். இங்கதான் நெறைய பேரு சறுக்கறாங்க, ஏன்னா எல்லாருக்கும் ஒரே டயலாக். முதலாம் தெசலோனிக்கேயர் 5:14 இதுக்கு நல்ல அளவுகோல். ஒழுங்கில்லாதவங்களுக்கு புத்தி சொல்லுங்க, திடனற்றவங்கள தேத்துங்க, பலவீனர தாங்குங்க, எல்லார்கிட்டயும் நீடிய சாந்தமா இருங்க. மூணு ஆளு, மூணு வைத்தியம். நம்ம எங்க தப்பு பண்றோம்னா திடனற்றவனுக்கு புத்தி சொல்றோம், ஒழுங்கில்லாதவன தேத்திகிட்டு இருக்கோம். தண்ணியடிச்சுட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கறவன்கிட்ட "ஆண்டவரு ஒங்கள நேசிக்கிறாருங்க அண்ணே"ன்னு மட்டும் சொல்லிட்டு வர்றது ஊக்கம் இல்ல, அந்த அண்ணிக்கு செய்யற அநியாயம்.

துக்கத்துல இருக்கறவங்க விஷயம் இன்னும் நுணுக்கம். சொத்தும் புள்ளைங்களும் போயி ஒக்காந்திருந்த யோபோட நண்பர்கள் மூணு பேரும் வந்தவுடனே செஞ்சது ரொம்ப சரி, ஏழு நாளு ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம தரைல கூட ஒக்காந்திருந்தாங்க. வாயத் தொறந்தாங்க பாருங்க, அன்னைக்கு கெட்டுச்சு. கடைசில யோபு, நீங்கள்லாம் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர், அதாவது ஆறுதல் சொல்ல வந்து தொல்லை குடுக்கறவங்கன்னு சொல்ற அளவுக்குப் போயிடுச்சு. நம்ம ஊர்ல துக்கம் கேக்கப் போறப்ப "குடுத்தவரு எடுத்துகிட்டாரு", "எல்லாம் நன்மைக்குத்தான்", "நல்ல சாவு"ன்னு வரிசையா சொல்லுவாங்க, வசனம் உண்மையாவே இருந்தாலும் அந்த நேரத்துல அது குத்தும். நீதிமொழிகள் 25ல இருக்கே, மனதுக்கமுள்ளவனுக்கு பாட்டு பாடறவன் குளிர்காலத்துல போத்தியிருக்கற துணிய உருவறவன் மாதிரின்னு.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப இத பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கண்கூடா பாத்தோம். காய்ச்சுகிட்டு இருந்த தென்னந்தோப்பு ஒரே ராத்திரில சாஞ்சு கெடக்கு, புதுசா கன்னு வச்சா காய்ப்புக்கு வரவே பல வருஷம் ஆவும், தோப்புக்காரரு வரப்புல குந்தி இருக்காரு, வந்தவங்கள்ல பாதி பேரு "உயிரு தப்புச்சே அத நெனைங்க"ன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்துட்டு போனாங்க. இன்னும் கொஞ்ச பேரு மரம் அறுக்கற மிஷின எடுத்துட்டு வந்து, "அண்ணே, மொதல்ல வீட்டுக்குப் போற வழிய கிளியர் பண்ணிடுவோம், மட்டைய எந்தப் பக்கம் ஒதுக்கணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. அந்த ஒரு கேள்விக்கு அவரு எழுந்தாகணும், கை நீட்டி எடம் காட்டியாகணும், மறுபடி அவரு தோப்புக்கு அவருதான் மொதலாளின்னு ஆவுது. சூரைச்செடி கீழ படுத்து செத்தா போதும்னு சொன்ன எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னான், தலமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருந்துச்சு. சாப்ட்டு மறுபடி தூங்குனாரு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. புத்திமதி பேசறதெல்லாம் நாப்பது நாள் நடந்தப்பறம்தான். "சாப்டியா"ன்னு நம்ம ஊர்ல கேக்கறத சாதாரணமா நெனைக்காதீங்க.

ரூத் புத்தகத்துல வர்ற போவாஸ் கதைல வார்த்தையும் கையும் சேந்தே வரும், அறுப்பு நடக்கற வயல்ங்கறதால நமக்கு பக்கமாவும் இருக்கும். மொதலாளி வயலுக்கு வந்ததும் ஆளுங்கள பாத்து "கர்த்தர் உங்களோடே இருப்பாராக"ங்கறாரு, ஏன் லேட்டுன்னு ஆரம்பிக்கல. வேத்து சாதி, வேத்து ஊரு, கைம்பொண்ணு, பின்னாடி கதிர் பொறுக்கிகிட்டு வர்ற ரூத்த கூப்ட்டு, நீ ஒன் மாமியாருக்கு செஞ்சதெல்லாம் எனக்கு விவரமா சொன்னாங்கங்கறாரு. யாரும் பாக்கலன்னு அவ நெனச்சத ஒருத்தரு கவனிச்சிருக்காரு. அவ பதில் சொல்றா, நீர் எனக்கு ஆறுதல் சொல்லி பட்சமா பேசினீரேன்னு. பேச்சோட நிறுத்தல, ஆளுங்கள தனியா கூப்ட்டு, அரிலேர்ந்து கொஞ்சம் வேணும்னே சிந்த வுடுங்க, அவ பொறுக்கிக்கட்டும், அதட்டாதீங்கன்னு சொல்லி வைக்கிறாரு. பிச்ச போட்ட மாதிரி அவளுக்குத் தெரியக் கூடாது, அதுல இருக்கற நாகரிகத்த பாருங்க. இப்ப பெல்ட் மிஷின் வந்து அறுக்குது, கதிர் பொறுக்கற வேலையே இல்ல, ஆனா ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல நெல்ல போட்டுட்டு மழைல ராத்திரி காவல் காக்கற ஆளு இருக்காரு, அவருகிட்ட "வீட்டுல ஒரு படுதா சும்மா கெடக்கு மாமா, எடுத்தாரட்டா"ன்னு கேட்டா போதும், வசனம் அப்பறம் சொல்லிக்கலாம்.

வீட்டுக்குள்ள வருவோம். நம்ம வீடுகள்ல புள்ளைங்கள மூஞ்சிக்கு நேரா பாராட்டுனா கண்ணு பட்டுடும், இல்லாட்டி தலைக்கனம் ஏறிடும்னு ஒரு நெனப்பு. அப்பா டீக்கடைல "எம் பொண்ணு மேக்ஸ்ல சென்டம்"னு பீத்திக்குவாரு, வீட்டுல அந்தப் பொண்ணுகிட்ட "இங்கிலீஷ்ல ஏன் கொறஞ்சுது"ம்பாரு. தலைக்கனம்ங்கற பயத்துல ஞாயம் இருக்கு, "நீதான் பெரிய ஆளு, ஒன்ன மாதிரி யாரு"ன்னு சொன்னா ஏறத்தான் செய்யும். அதனாலதான் ஆள புகழறதுக்கு பதிலா நடந்தத பாத்துச் சொல்லணும். "கரண்டு போனப்பவும் ஒக்காந்து அந்தக் கணக்க முடிச்ச பாரு, அத நான் பாத்தேன்." இதுல பொய் இல்ல, வெத்து புகழ்ச்சி இல்ல, கண்ணும் படாது. எபேசியர் 4:29 கேக்கறதும் இதுதான், கேக்கறவங்களுக்கு பிரயோஜனமா இருக்கணும்னு.

சபைல பாத்தீங்கன்னா பாராட்டு கூட ஆத்துத் தண்ணி மாதிரிதான், தலைமடைல இருக்கறவன் வயலு நெறஞ்சு வழியும், கடைமடைக்கு காத்துதான் வரும். பாட்டு பாடுன தங்கச்சிக்கும் கீபோர்டு வாசிச்ச தம்பிக்கும் நாலு பேரு கை குடுப்பாங்க. காலைலயே வந்து பாய் விரிச்சவங்க, அசன விருந்துல கடைசி வரைக்கும் அண்டா கழுவுனவங்க, வாராவாரம் வந்து கடைசி வரிசைல ஒக்காந்துட்டு யார்கிட்டயும் பேசாம போற அந்த மனுஷன், இவங்கள யாரு பாத்தா? வர்ற ஞாயித்துக்கெழம அவங்கள்ல ஒருத்தர்கிட்ட போயி பேரு சொல்லி கூப்ட்டு, அவங்க செஞ்ச ஒரு காரியத்த குறிப்பா சொல்லிப் பாருங்க. "நல்லா பண்றீங்க"ன்னு மொத்தமா சொல்லாதீங்க, அது எதுலயும் ஒட்டாது.

என்ன பேசறதுன்னே தெரியலங்கறவங்களுக்கு ஏசாயா 50:4. இளைப்படைஞ்சவனுக்கு சமயத்துக்கு ஏத்த வார்த்தை சொல்ல கர்த்தர் எனக்கு கல்விமானின் நாவ குடுத்தாருன்னு மொத பாதி, காலைதோறும் கேக்கறதுக்கு என் செவிய எழுப்பறாருன்னு அடுத்த பாதி. காது தொறந்தாதான் நாக்குக்கு வார்த்தை வரும். அதனால போன உடனே பேசணும்னு அவசியமே இல்ல, அவங்க சொல்லி முடிக்கட்டும், நடுவுல பூந்து "எனக்கும் இப்படித்தான்"னு ஒங்க கதைய ஆரம்பிக்காதீங்க.

கடைசியா ஒரு கேள்வி அடிக்கடி வரும், எல்லாருக்கும் நான் சொல்றேன், எனக்கு யாரு சொல்றாங்கன்னு. ஞாயமான கேள்வி. சிக்லாக் ஊரு எரிஞ்சு, பொண்டாட்டி புள்ளைங்கள எதிரி தூக்கிட்டு போயி, கூட இருந்தவங்களே தாவீத கல்லால அடிக்கணும்னு பேசிகிட்டு நின்னாங்க, பக்கத்துல உயிர் சிநேகிதன் யோனத்தான் கூட இல்ல. அப்ப தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ள தன்னைத் திடப்படுத்திகிட்டான்னு 1 சாமுவேல் 30:6 சொல்லுது, அடுத்ததா கர்த்தர்கிட்டயே, அந்த எதிரிங்கள தொரத்திட்டு போகவான்னு கேக்கறான். அந்த வழி எப்பவும் தொறந்துதான் இருக்கு. ஆனா அதயே சாக்கா வச்சு "நீ ஆண்டவர்கிட்ட சொல்லிக்க"ன்னு ஒருத்தர அனுப்பி வுட்டுடாதீங்க, உங்க போதகர் ஐயாவையும் சேத்துதான் சொல்றேன், அவருகிட்ட போயி "நீங்க எப்படி இருக்கீங்க ஐயா"ன்னு கேட்டு பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க.